ரிச்சி தெருவிலிருந்து திருவாரூருக்கு: அசெம்பிள்டு கணினியின் வரலாறு

மதர்போர்டு, செயலி, ராம், ஹார்டு டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கி உள்ளூரிலேயே பூட்டிய மேசைக் கணினியைத் தமிழ்நாட்டுச் சிறுநகரங்கள் ‘அசெம்பிள்டு’ என்ற ஒரே சொல்லால் குறித்தன. 1990களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள், திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி போன்ற டெல்டா ஊர்களின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கணினி பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் இது பொழுதுபோக்காகப் பிறந்தது. காவிரிப் பாசனப் பகுதியில் பிழைப்பாகவும், அதைவிட முக்கியமாக ஒரு கைத்தொழிலாகவும் வேரூன்றியது. கணினியை வைத்திருந்தவர் வேறு, பூட்டியவர் வேறு. இருவருக்கும் இடையே இருந்த நம்பிக்கைதான் இத்தொழிலின் முதலீடு.

தானே கணினி கட்டும் பழக்கத்தின் தொடக்கம் 1975 ஜனவரியில் ஓர் அமெரிக்க மின்னணு இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800. அதை உதிரிகளாக வாங்கி, பற்றவைத்து, தாமே முடிக்க வேண்டும். மறு ஆண்டு வந்த ஆப்பிள் 1 கணினியும் வெறும் பலகையாகவே விற்கப்பட்டது. கூடும் கீபோர்டும் வாங்குபவர் பொறுப்பு. ஆனால் இவை ஆர்வலர்களின் வட்டத்தைத் தாண்டவில்லை. உலகெங்கும் சாதாரண ஆட்கள் கணினி பூட்டுவதற்கு வழி திறந்தது 1981 ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.தான். சந்தைக்கு விரைவில் வர வேண்டும் என்ற அவசரத்தில் ஐ.பி.எம். பிறர் செய்த உதிரிகளை வாங்கியே அதைக் கட்டியது. செயலி இன்டெலின் 8088, இயங்குதளம் மைக்ரோசாஃப்டினுடையது. பலகையின் வரைபடங்களையும் அடிப்படை நிரலான பயாஸின் பட்டியலையும் கையேடாகவே அச்சிட்டு விற்றது. கூடுதல் அட்டைகளை எவரும் செய்து சொருகலாம் என்ற நிலை அதனால் உண்டானது.

பயாஸ் ஒன்றுக்கு மட்டும் பதிப்புரிமைத் தடை இருந்தது. காம்பேக் நிறுவனம் அதற்கு ஒரு வழி கண்டது: ஒரு குழு ஐ.பி.எம். நிரலைப் படித்து அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதும். அந்த நிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு அக்குறிப்பை வைத்துப் புதிதாக நிரல் எழுதும். இவ்வாறு உருவான கணினியை 1982 நவம்பரில் அறிவித்தார்கள். 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் இத்தகைய பயாஸை எவருக்கும் விற்கத் தொடங்கியதும் கதவு முழுதாகத் திறந்தது. தைவானின் சிறு தொழிற்சாலைகள் மதர்போர்டுகளைச் செய்து குவித்தன.

இந்தியா அந்தக் காலத்தில் வேறொரு பாதையில் இருந்தது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நிபந்தனைகளை ஏற்காமல் 1978இல் ஐ.பி.எம். நாட்டைவிட்டு வெளியேறியது. திருச்செந்தூர் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடார் நண்பர்களுடன் 1976இல் தொடங்கிய எச்.சி.எல். போன்ற நிறுவனங்கள் அந்த வெற்றிடத்தில் வளர்ந்தன. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு வெளியிட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதித் தடைகளைத் தளர்த்தி, வரிகளைக் குறைத்தது. தைவான் உதிரிகளைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது அதன்பின் ஒரு தொழிலாயிற்று. சென்னையில் சி.சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் ‘சிவா பி.சி.’ என்ற பெயரில் போட்டியாளர்களைவிட மிகக் குறைந்த விலைக்குக் கணினியை விற்றுச் சந்தையையே கலக்கியது. உதிரிகளின் அடக்க விலைக்கும் பெயர்ப்பலகையோடு வரும் விலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை அது வெளிச்சம் போட்டுக் காட்டியது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான சிறுகடைகள் பிழைத்தது அந்த இடைவெளியில்தான்.

1991இன் தாராளமயத்துக்குப் பிறகு இறக்குமதி வரிகள் படிப்படியாக இறங்கின. 1997இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. கணினிப் பொருள்களுக்கான சுங்க வரியை 2005க்குள் இல்லாமலாக்க ஒப்புக்கொண்டது. இந்த உதிரிகள் தமிழ்நாட்டில் வந்து இறங்கிய இடம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. அதோடு பின்னிக் கிடக்கும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாவற்றையும் சேர்த்தே வியாபாரிகள் ‘ரிச்சி ஸ்ட்ரீட்’ என்றார்கள். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், டி.வி. உதிரிகளுக்குப் பெயர்பெற்ற அந்தச் சந்தை அப்படியே கணினிச் சந்தையாக மாறியது. மும்பைக்கு லாமிங்டன் சாலை, டெல்லிக்கு நேரு பிளேஸ், பெங்களூருக்கு எஸ்.பி. சாலை என்றால், தமிழ்நாட்டுக்கு ரிச்சி தெரு.

கணினி வருவதற்கு முன்பே அதைப் பூட்டும் கை டெல்டாவில் தயாராக இருந்தது. இது பலரும் கவனிக்காத செய்தி. ரேடியோ ரிப்பேர் கடைகள் ஒவ்வொரு கடைத்தெருவிலும் இருந்தன. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்குப் போகும் மைக் செட்டுகளின் ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை உள்ளூரில் சால்டரிங் வைத்துப் பூட்டியவை. தொலைக்காட்சி இன்னும் நல்ல பள்ளிக்கூடமாயிற்று. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கினாலும் அதன் ஒளிபரப்பு டெல்டாவை எட்டவில்லை. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி, கடல் தாண்டி நாகை, வேதாரண்யம், திருவாரூர்ப் பக்கங்களில் கிடைத்தது. அதைப் பிடிக்க மாடிகளில் உயரமான குழாய் நட்டு, ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, திசை திருப்பிச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் உருவானார்கள். மின்சுற்றைக் கண்டு அஞ்சாத இந்தத் தலைமுறையும், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்து வெளிவந்த அடுத்த தலைமுறையும் சேர்ந்துதான் 1990களில் ‘ஹார்டுவேர் ஆட்கள்’ ஆனார்கள். வால்வு ரேடியோவைப் பிரித்தவர் மகன் பென்டியம் பலகையைப் பூட்டியது தற்செயல் அல்ல.

வாங்கியவர்கள் யார்? வீடுகள் பின்னால் வந்தன. முதலில் வந்தவை தொழில்கள். திருமணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கும் அச்சகங்கள் ஈய எழுத்துக் கோப்பதை விட்டு, கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி.க்கு மாறின. பேஜ்மேக்கர் மென்பொருளும் ஒரு தமிழ் எழுத்துருவும் ஓடினால் போதும். அதற்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் பின்வரிசை மேசைகளில் கணினிகளை வைத்து ‘கம்ப்யூட்டர் சென்டர்’ என்று பலகை மாற்றின. அரிசி ஆலை, உரக்கடை, நகை அடகுக்கடை ஆகியவற்றின் கணக்கு டேலி மென்பொருளுக்கு வந்தது. 2000ஐ ஒட்டி பிரவுசிங் சென்டர்கள் முளைத்தபோது ஒரே சமயத்தில் ஏழெட்டுக் கணினிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. இந்த டி.டி.பி. மேசைகளிலும் பயிற்சி மையங்களிலும் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். தட்டச்சில் லோயர், ஹையர் தேர்வுகள் தேறிய அவர்களின் விரல்வேகம்தான் அந்தக் கடைகளை நடத்தியது. பூட்டும் வேலை ஆண்கள் கையிலேயே தங்கிவிட்டது. அது இத்தொழிலின் குறை.

அரசு வேலை அசெம்பிள்டு கடைகளுக்குக் கிடைக்கவில்லை. 1997 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமான திருவாரூர், சி.உமாசங்கர் ஆட்சியராக இருந்தபோது மின்னாளுமையில் மாநிலத்துக்கே முன்னோடி மாவட்டமாகப் பேசப்பட்டது. நில ஆவணம், ஓய்வூதியம், சான்றிதழ் ஆகிய வேலைகள் கணினிக்கு வந்தன. அரசுக் கொள்முதலின் டெண்டர் விதிகளோ பெயர்பெற்ற நிறுவனங்களுக்கே பொருந்தின. ஆயினும் வட்டாட்சியர் அலுவலக மேசையில் கணினியைப் பார்த்த ஊர், அடுத்த ஆண்டு தன் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று நினைத்தது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பாடமும் அதே காலத்தில் பரவியது. அந்தத் தேவையைப் பூர்த்தி செய்தது கடைத்தெருவின் ஹார்டுவேர் ஆள்.

வேலை ஒரு தாளில் தொடங்கும். கொட்டேஷன் என்ற அந்தத் தாளில் வரிக்கு ஓர் உதிரியும் அதன் விலையும் இருக்கும். “இன்டெல் போர்டு போட்டா கூட ஆகும்; மெர்க்குரி போட்டா குறையும்” என்று பேரம் உதிரி உதிரியாக நடக்கும். 1999 வாக்கில் செலரான் செயலியும் சில ஜி.பி. ஹார்டு டிஸ்கும் கொண்ட ஓர் அசெம்பிள்டு கணினி முப்பதாயிரம் ரூபாய் அளவில் முடிந்தது. பெயர்பெற்ற நிறுவனத்தின் கணினி அதைவிடப் பல ஆயிரம் கூடுதல். வாங்குபவர் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை வரிவரியாகத் தெரிந்துகொண்டார். மூடிய பெட்டியாக வாங்கியவருக்கு அந்த அறிவு கிடைக்கவில்லை. கணினியின் உறுப்புகள் எவை, எது எதற்கு என்ற பாடம் பல குடும்பங்களுக்கு அந்தக் கொட்டேஷன் தாளிலிருந்தே கிடைத்தது. தினமலரின் கம்ப்யூட்டர் மலர், ‘தமிழ் கம்ப்யூட்டர்’ இதழ் போன்றவை அதை வளர்த்தன.

முன்பணம் கைக்கு வந்ததும் சென்னைப் பயணம். மீட்டர் கேஜ் பாதையில் கம்பன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து ரிச்சி தெரு கூப்பிடு தூரம். பலகையும் செயலியும் ராமும் தோள்பையில் வந்தன. மானிட்டரும் கேபினெட்டும் பார்சல் சர்வீஸில். பின்னாளில் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மொத்த வியாபாரிகள் வந்ததும் இந்தப் பயணம் சுருங்கியது. 1993இல் இந்தியாவில் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெடிங்டன் போன்ற விநியோக நிறுவனங்களின் வலைப்பின்னல் மாவட்டத் தலைநகரங்களை எட்டியது. கேபினெட், ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு 1997இல் சென்னையில் பிறந்த ஜெப்ரானிக்ஸும், கீபோர்டுக்கு டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு’ம் பழகிய பெயர்களாயின. டி.டி.பி. தட்டச்சாளர்கள் அந்தக் கீபோர்டின் அழுத்தமான ‘டக் டக்’ ஒலிக்காகவே அதைக் கேட்டு வாங்கினார்கள். கூத்தாநல்லூர், பொதக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் அடுத்த ஊர்போல. அங்கே லிட்டில் இந்தியாவை ஒட்டியே இருக்கும் சிம் லிம் ஸ்கொயர் கணினி உதிரிகளுக்குப் பெயர்போன வளாகம் என்பது இப்பகுதிக்கு ஒரு கூடுதல் வசதி.

பூட்டும் வேலை எளிதாகத் தெரியும். 1990களில் அது எளிதல்ல. பழைய ஏ.டி. வகைக் கேபினெட்டில் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு தனிச் சொருகிகள் வரும். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் அடுத்தடுத்து அமைய வேண்டும். இடம் மாற்றிச் சொருகினால் பலகை புகைந்துவிடும். செயலியின் வேகமும் மின்னழுத்தமும் ஜம்பர் என்ற குட்டித் தொப்பிகளை மாற்றி வைத்துத் தீர்மானிக்க வேண்டியவை. ஹார்டு டிஸ்க் கேபிளின் சிவப்புக் கோடு முதல் முனைப் பக்கம் இருக்க வேண்டும். ஒரே கேபிளில் சி.டி. டிரைவும் இருந்தால் ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் ஆக்க வேண்டும். 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறை ஒருபக்கமாக மட்டுமே பொருந்தும் ஒற்றைச் சொருகியைக் கொண்டுவந்த பிறகே புகை பயம் தீர்ந்தது. அத்லான் செயலிகள் வந்தபோது வேறொரு பயம்: மேலே உலோக மூடி இல்லாததால், விசிறியைச் சாய்வாக அழுத்தினால் சிலிக்கன் ஓரம் உடைந்துவிடும். பல ஆயிரம் ரூபாய் ஒரு நொடியில் போய்விடும் வேலை அது. கை நிதானமாக இருப்பவருக்குத்தான் ஊரில் பெயர் இருந்தது.

டெல்டாவின் மின்சாரமும் தட்பவெப்பமும் இந்தத் தொழிலுக்குத் தனி இலக்கணம் வகுத்தன. எஸ்.எம்.பி.எஸ். பின்புறத்தில் 110, 220 என்று மாற்றும் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. சுத்தம் செய்யும்போது அது 110க்கு நகர்ந்திருந்தால், ஸ்விட்ச் போட்டதும் வெடிச் சத்தம் கேட்கும். பழைய வீடுகளில் எர்த் இணைப்பு இருக்காது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். ஆகவே கணினி வைக்கப் போகும் ஆள் முதலில் டெஸ்டரை எடுத்து ஸ்விட்ச் பெட்டியைப் பார்ப்பார். எர்த் இல்லையென்றால் கொல்லையில் கம்பி இறக்கச் சொல்வார். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் ஸ்டெபிலைசர், யு.பி.எஸ். இரண்டும் கொட்டேஷனில் தவறாமல் இடம்பெற்றன. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் ராமின் பொன்முலாம் முனைகளில் படலம் படிந்து கணினி நீளமாகக் கூவும். ராமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து மீண்டும் சொருகினால் திரை எழும். அறுவடைக் காலத்தில் நெல் தூசி விசிறியை அடைக்கும். கேபினெட்டின் வெதுவெதுப்பைத் தேடி எறும்பும் பல்லியும் குடியேறும்.

2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் உலகெங்கும் பல மதர்போர்டுகளின் கெபாசிட்டர்கள் உப்பி வெடித்தன. தரமற்ற மின்பகுபொருள் காரணம். பணக்கார நாடுகளில் அந்தப் பலகைகள் குப்பைக்குப் போயின. இங்கே பழைய ரேடியோ மெக்கானிக்குகள் உப்பியவற்றைக் கழற்றி, சில ரூபாய் விலையுள்ள புதியவற்றைப் பற்றவைத்து, அதே பலகையை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். அசெம்பிள்டு தொழில் வாங்கி விற்பது மட்டுமல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. பழுதானது எதுவோ அதை மட்டும் மாற்றலாம் என்ற தன்மை, வருமானம் ஆண்டு முழுவதும் சீராக வராத ஊருக்கு மிகவும் பொருந்தியது. குறுவைப் பணத்தில் கணினி, சம்பா அறுவடைக்குப் பின் பிரிண்டர், அடுத்த ஆண்டு கூடுதல் ராம் என்று விவசாயக் குடும்பத்தால் படிப்படியாக ஏற முடிந்தது.

கடைத்தெருவின் விலையைத் தொலைதூர நிகழ்வுகள் தீர்மானித்தன. 1999 செப்டம்பர் 21 அன்று தைவானை உலுக்கிய நிலநடுக்கம் நினைவகத் தொழிற்சாலைகளை நிறுத்தியது. ராம் விலை எகிறி, கொடுத்த கொட்டேஷனைக் காப்பாற்ற முடியாமல் கடைக்காரர்கள் திண்டாட நேர்ந்தது. 2011 இறுதியில் தாய்லாந்தின் சாவ் பிரயா ஆற்று வெள்ளம் அயுத்தயா பக்கத்து ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகளை மூழ்கடித்தது. நெல் விளையும் ஓர் ஆற்றுச் சமவெளியில் ஏறிய தண்ணீர், இன்னொரு நெல் நாட்டின் கடைகளில் ஹார்டு டிஸ்க் விலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது.

மென்பொருள்தான் இத்தொழிலின் இருண்ட மூலை. கொட்டேஷனில் விண்டோஸுக்கு வரி இருக்காது; நகல் சி.டி.யிலிருந்து இலவசமாக ஏற்றித் தருவது எழுதப்படாத வழக்கம். குறைந்த விலையின் ஒரு பகுதி இப்படி வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. நகலோடு வைரஸும் வந்தது. 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். வைரஸ் பயாஸையே அழித்துப் பலகைகளை முடக்கியது. மறுபுறம், தமிழைக் கணினியில் நிலைநிறுத்தியதில் ஹார்டுவேர் ஆட்களுக்குப் பங்கு உண்டு. ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு எழுத்துருவைப் பயன்படுத்திய குழப்பத்தில், எந்தக் கோப்புக்கு எந்த எழுத்துரு என்று தெரிந்து நிறுவிக் கொடுத்தவர்கள் அவர்களே. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. 2010இல் யூனிகோடையும் ஏற்றது. மாநாட்டுத் தீர்மானம் மேசைக்கு வந்து சேர, கடைக்காரரின் கை தேவைப்பட்டது.

தளர்ச்சி பல பக்கங்களிலிருந்து வந்தது. வரிக் குறைப்பால் நிறுவனக் கணினிகளின் விலையும் இறங்கியது, வித்தியாசம் சுருங்கியது. 2008இல் தொடங்கிய மின்வெட்டு 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. பேட்டரியோடு வரும் மடிக்கணினிக்கு அதுவே போதுமான விளம்பரம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பிளஸ் டூ மாணவர்களின் வீடுகளுக்குக் கணினியை நேராகக் கொண்டு சேர்த்தது. சமூக நோக்கில் அது பெரும் நன்மை. கடைகளுக்கு மட்டும், பள்ளி திறக்கும் ஜூன் மாத வியாபாரம் போயிற்று. செல்பேசி பிரவுசிங் சென்டர்களை மூடியது. 2013இல் இன்டெல் தன் மேசைக் கணினி மதர்போர்டுத் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. ‘இன்டெல் போர்டு’ என்ற சொல்லே உத்தரவாதமாக இருந்த கடைகளுக்கு அது ஒரு யுக முடிவு. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்து, டெல்டாவின் பல ஊர்களை வாரக்கணக்கில் இருளில் வைத்தது.

பல கடைகள் கேமரா பொருத்துதல், பில்லிங் இயந்திரம், மடிக்கணினிப் பழுது ஆகியவற்றுக்கு மாறின. புதிதாகக் கணினி பூட்டுபவர்களில் விளையாட்டுக்காகவும் வீடியோ தொகுப்புக்காகவும் கேட்கும் இளைஞர்கள் பெரும்பாலான வேலையைத் தாங்களே செய்கிறார்கள். தமிழ் யூடியூப் காணொளிகளைப் பார்த்து, இணையத்தில் உதிரிகளை வரவழைத்து, வீட்டுக்கூடத்தில் பூட்டுகிறார்கள். வாங்குபவரும் பூட்டுபவரும் ஒருவரே என்ற பழைய அமெரிக்க முறை டெல்டாவுக்கு இப்போதுதான் வருகிறது.

பழைய அசெம்பிள்டு கணினிகளில் பல இன்னும் அச்சகங்களிலும் உரக்கடைகளிலும் ஓடுகின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, 2017க்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. அந்தக் கணினிகளின் உரிமையாளர்களுக்கு முன்னால் இருப்பவை இரண்டு வழிகள்: ஓர் எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸுக்கு மாறுவது, அல்லது கேபினெட்டையும் மானிட்டரையும் வைத்துக்கொண்டு பலகை, செயலி, ராம் மூன்றை மட்டும் மாற்றுவது. இரண்டுக்கும் தேவையான கை திருவாரூரில் இருக்கிறது.